துலக்குவதற்கு முன் கேளுங்கள்: பரணிலிருந்து இறங்கிய படங்களும் பாத்திரங்களும்

வாசகர் கேள்வி:

தர்மபுரி மாவட்டத்தில் பாலக்கோடு பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா போன வருடம் தவறிவிட்டார். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு ஆவணியில் பூமி பூஜை போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். பரணைக் காலி செய்தபோது ஒரு ட்ரங்குப் பெட்டியும் சில சாக்கு மூட்டைகளும் இறங்கின. தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். அங்கே எடுத்துக்கொண்ட அவருடைய படம் ஃபிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது. 1982-இல் நடந்த அப்பா அம்மா கல்யாண ஆல்பம் மஞ்சளித்துப் பிசுபிசுவென்று இருக்கிறது. பித்தளை அண்டா, தவலை, குடங்கள், ஆயாவின் ஈயச் சொம்பு, களி கிளறும் துடுப்பு, திருகைக்கல், மொய் நோட்டுகள், கடிதங்கள், துளை போட்டு நம்பர் அடித்த ஒரு சின்னப் பித்தளை வில்லை, எல்லாம் இருக்கின்றன. துவைக்கிற கல்லைப் புரட்டினால் அடியில் வாள் பிடித்த ஆள் உருவம் தெரிகிறது. பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கி வைக்கலாமா? எடைக்குப் போட்டுப் பணத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் அண்ணன். படங்களை ஸ்கேன் எடுத்துவிட்டுக் கழித்துவிடலாம் என்கிறான் பெங்களூரில் படிக்கும் என் மகன். நான் ஓசூரில், தங்கை திருப்பூரில். அப்பாவின் அக்கா மட்டும் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறார், எண்பது வயது. எதை வைத்துக்கொள்வது, எப்படிப் பிரிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புளியைக் கரைக்க வேண்டாம், பழைய பாத்திரக்காரரையும் இப்போதைக்கு வரச் சொல்ல வேண்டாம். இந்த ஆடியில் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை காவேரிப்பட்டணம் போய் உங்கள் அத்தையைப் பார்ப்பது. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் கீழே பதில் சொல்கிறேன். ஆனால் அவற்றையெல்லாம் இன்னும் சில மாதம் கழித்துக்கூடச் செய்துகொள்ளலாம், இதை மட்டும் தள்ளிப் போட முடியாது.

பழம்பொருட்களைப் பாதுகாப்பதுதான் என் தொழில். கிழிந்த படத்தைச் சேர்க்கலாம், பூஞ்சை பிடித்த தாளைத் தேற்றலாம், பித்தளையில் பச்சை பூத்திருந்தால் நிறுத்தலாம். பெயர் தெரியாமல் போன முகத்துக்குப் பெயரைத் திரும்பக் கொண்டுவர மட்டும் எங்களிடம் எந்த ரசாயனமும் இல்லை. உங்கள் பெட்டியில் உள்ள பாதி முகங்களுக்கு இன்று பெயர் சொல்லக்கூடியவர் அநேகமாக அந்த ஒருவர்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு உறவெல்லாம் ஒகேனக்கல் கிளம்பும். போகிற வழியில் ஒரு வேளைச் சாப்பாடு உங்கள் ஊர் வீட்டில் என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அந்த வீட்டில் கடைசியாக ஒருமுறை எல்லோரும் கூடியதாகவும் இருக்கும். அத்தையோடு அவர் வயதொத்த இன்னொருவரையும் உட்கார வையுங்கள். ஒருவர் மாற்றிச் சொன்னால் மற்றவர் "அது இல்லை, அவ பெரியவ" என்று திருத்துவார். மறந்து போனதெல்லாம் அந்த வாக்குவாதத்தில் வெளியே வரும். படத்தை நீட்டி "இது யார்?" என்று கேட்டால் பெரியவர்கள் பரீட்சைக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி தடுமாறிப் போவார்கள். "இது எந்த வீட்டுத் திண்ணை", "அன்றைக்கு என்ன விசேஷம்", "இந்தச் சங்கிலி யாருடையது" என்று சுற்றி வாருங்கள், பெயர் தானாக வரும். கண்புரை இருந்தால் படத்தைப் போனில் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுங்கள். இன்னொரு போனில் பேச்சைப் பதிவு செய்யுங்கள், அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான். ஒவ்வொரு படத்துக்கும் முன்கூட்டியே ஒரு எண் கொடுத்து, காட்டும்போது "இது பதினாலாம் நம்பர் படம்" என்று வாயால் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது எந்தப் படத்தைப் பற்றி அத்தை பேசுகிறார் என்றே தெரியாது.

படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் தடமாக எழும்பும், மையும் காலப்போக்கில் ஊறும். 2பி போன்ற மென்மையான பென்சிலால், படத்தைக் கண்ணாடி மேசைமேல் கவிழ்த்து வைத்து, ஓரத்தில் லேசாக எழுதினால் போதும்: இடமிருந்து வலமாகப் பெயர், ஊர், தோராயமான வருடம், சொன்னவர் யார். சொன்னவர் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். நாளைக்கு இரண்டு விதமான சேதி வந்தால் எதை நம்புவது என்பதற்கு அதுதான் ஆதாரம். பின்பக்கம் வழவழப்பாக இருக்கும் கலர் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றைத் தாள் உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள், எழுதி முடித்த பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

அடுத்து மொய் நோட்டுகள். அண்ணன் அவற்றைக் கணக்குத் தீர்ந்த குப்பை என்றுதான் நினைத்திருப்பார். உங்கள் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பொருளே அதுதான். 1982 கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று அன்றைக்கே பந்தலில் உட்கார்ந்து எழுதிய பதிவு அது. பெரும்பாலும் தாய்மாமன் மொய்யில் தொடங்கும். ஊர்ப் பெயரை முன்னால் போட்டு ஆள் பெயரை எழுதுவது வழக்கம் என்பதால், உங்கள் குடும்பம் எந்தெந்த ஊரில் பெண் எடுத்தது, கொடுத்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆல்பத்தையும் அந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தையிடம் உட்காருங்கள். "மாரண்டஅள்ளியிலிருந்து வந்தவர்கள் யார்?" என்று நோட்டைப் பார்த்துக் கேட்டால், ஆல்பத்தில் ஓரமாக நிற்கும் நாலு பேருக்குப் பெயர் கிடைத்துவிடும். பேனா மையில் எழுதிய பக்கங்கள் ஈரம் பட்டால் கரைந்துவிடும், அதனால் ஈரத் துணியால் துடைக்காதீர்கள். துருப்பிடித்த குண்டூசி, பின் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் வேண்டாம், சில வருடத்தில் பசை பழுப்பாகி எழுத்தைத் தின்னும். லேமினேஷனும் வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிய தாளைப் பிறகு பிரிக்கவே முடியாது. பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, நோட்டை அப்படியே காட்டன் துணியில் சுற்றி வையுங்கள்.

அத்தைக்கும் நினைவில்லாத படங்களும் கடிதங்களும் மிஞ்சும். அவற்றின் காலத்தை ஓரளவு நீங்களே கணிக்கலாம். முகவரியில் "சேலம் ஜில்லா" என்று இருந்தால், தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த 1965 அக்டோபர் 2-க்கு முன்பு எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். பழக்கத்தில் சிலர் பிறகும் அப்படி எழுதியிருப்பார்கள், தபால் முத்திரையையும் பாருங்கள். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல், ஆக முகவரியில் ஆறு இலக்கம் இருந்தால் அதற்குப் பிந்தியது. "மதராஸ் ஸ்டேட்" என்று அச்சடித்த பாரம் 1969-க்கு முந்தையது, அந்த ஜனவரியில்தான் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் நடைமுறைக்கு வந்தது. கணக்கில் அணா இருந்தால் 1957-க்கு முன்பு, நயாபைசா இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில் என்று எடுத்துக்கொள்ளலாம். படத்தை ஒட்டியிருக்கும் அட்டையின் கீழ்மூலையையும் பின்பக்கத்தையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டுடியோ பெயரும் ஊரும் மை இல்லாமல் அழுத்தி மட்டும் அச்சடித்திருப்பார்கள், நேர் வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடித் திரட்டி டிஜிட்டலாக்கியிருக்கிறது. பல ஸ்டுடியோக்களில் நெகட்டிவ்கள் அழிந்து போன நிலையில், உங்கள் பெட்டியில் இருப்பது அந்தப் படத்தின் ஒரே பிரதியாக இருக்கக்கூடும்.

இப்போது தாத்தா படம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பரப்பு ஜெலட்டின். ஈரம் பட்டால் அது இளகும், காய்ந்தால் தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியோடு ஒட்டிவிடும். மழைக்கு ஓதம் ஏறும் சுவரில் மாட்டியது ஒரு காரணம். நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. தெய்வமாகிவிட்டவர் படத்துக்குக் கண்ணாடிமேல் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், ஈர மாலை போடுகிறோம். அந்த ஈரம் ஃபிரேமின் கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்குகிறது. மரியாதை செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை. அசலை உள்ளே வைத்துவிட்டு, நகல் ஒன்றை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டி அதற்குப் பொட்டு வையுங்கள்.

ஒட்டிய படத்தைப் பெயர்க்க வேண்டாம். பெயர்த்தால் முகம் கண்ணாடியிலும் வெற்றுத் தாள் உங்கள் கையிலும் நிற்கும். தண்ணீரில் ஊறவைத்தால் கழன்று வரும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள், கேட்காதீர்கள். கையால் வண்ணம் தீட்டிய படமாக இருந்தால் வண்ணமும் சேர்ந்து போகும். கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள், ஒட்டிய இடம் மட்டும் ஈரமானதுபோல் கறுத்துத் தெரியும். அப்படித் தெரிந்தால் ஃபிரேமைத் திறக்காமல் கண்ணாடியோடே படம் எடுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்து, தரையில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் கூடாது. போனைச் சுற்றி ஒரு கறுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டால் உங்கள் நிழலும் கூரையும் கண்ணாடியில் விழாது. அப்புறம் அந்த ஃபிரேமை அப்படியே துணியில் சுற்றிப் படுக்கை வசமாக வைத்துவிடுங்கள். பிரிக்க வேண்டுமா என்பதைப் பயிற்சி உள்ளவர் நேரில் பார்த்து முடிவு செய்யட்டும்.

அந்தப் பித்தளை வில்லையை நீங்கள் பட்டியலின் கடைசியில், பாத்திரங்களோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அதைத் தனியே எடுத்து வையுங்கள். சுரங்கங்களில் ஆளுக்கு ஒரு எண் போட்ட வில்லை கொடுப்பது வழக்கம். யார் உள்ளே இறங்கினார், யார் இன்னும் மேலே வரவில்லை என்று கணக்கு வைக்க அது உதவியது. உங்கள் கையில் இருப்பது தாத்தாவின் வில்லையாக இருந்தால், ஒவ்வொரு ஷிஃப்டிலும் அவர் உயிரோடு மேலே வந்ததற்கான சாட்சி அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தங்கவயலுக்குப் பிழைக்கப் போயின. அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரியோடு மூடப்பட்டுவிட்டன. அங்கே வேலை பார்த்தவர்களின் வாழ்க்கை இன்று பெரும்பாலும் இப்படிப் பரண்களில்தான் கிடக்கிறது. எந்தச் சுரங்கம், சாம்பியன் ரீஃப்பா உரிகமா, எந்த லைன் வீட்டில் குடியிருந்தார், லீவுக்கு ஊருக்கு எப்படி வந்தார் என்று அத்தையிடம் கேளுங்கள். சம்பளச் சீட்டு, ரேஷன் அட்டை, பி.எஃப். தாள் என்று பெட்டியின் அடியில் எது கிடந்தாலும் ஒரே உறையில் சேருங்கள். வில்லையைத் தேய்க்கவே வேண்டாம். தராசில் அதற்குச் சில ரூபாய்கூட வராது.

கல்யாண ஆல்பம் உடனே கவனிக்க வேண்டியது. ஒட்டும் தாளும் மேலே பிளாஸ்டிக் உறையும் கொண்ட அந்த ஆல்பங்கள் எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வந்தன. அந்தப் பசையும், உறை பி.வி.சி.யாக இருந்தால் அதிலிருந்து வரும் ஆவியும் படத்தைக் கெடுக்கும். எதையும் கழற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படம் எடுத்துவிடுங்கள். சடங்குகளின் வரிசை அதில்தான் இருக்கிறது. பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை (டென்டல் ஃபிளாஸ்) படத்தின் மூலையில் செருகி, ரம்பம் இழுப்பதுபோல மெதுவாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் சரி. படம் வளைய ஆரம்பித்தால் நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தை அப்படியே வெட்டி எடுத்து இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள் வைத்துப் பாதுகாக்கலாம். இஸ்திரிப் பெட்டி, சூட்டுக் காற்று எதுவும் வேண்டாம். கலர் படங்கள் செம்மை ஏறியிருந்தால் கவலைப்படாதீர்கள், ஸ்கேன் செய்த பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தைப் பெருமளவு மீட்கலாம். கறுப்புத் தாளில் மூலை ஒட்டி வைத்த பழைய ஆல்பம் ஏதாவது இருந்தால் அதைப் பிரிக்காதீர்கள், இடையில் மெல்லிய வெள்ளைத் தாள் மட்டும் வையுங்கள்.

ஸ்கேன் எடுக்கச் சொன்ன உங்கள் மகன் பாதி சரி. கட்டாயம் எடுக்க வேண்டும். கழிப்பதுதான் தவறு. ஹார்டு டிஸ்க் முன்னறிவிப்பு இல்லாமல் போகும், போன் தொலையும், ஆனால் ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளைப் படம் உலர்ந்த இடத்தில் நூறு வருடம் தாங்கும். தாத்தாவின் தங்கவயல் படம் இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கிறதே. பின்பக்க எழுத்து, முத்திரை, அட்டை இவற்றையும் சேர்த்து 600 டி.பி.ஐ.யில் எடுக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200. கடையில் கொடுப்பதானால் கூடவே உட்கார்ந்து எடுத்து, கையோடு வாங்கி வாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாகுமெண்டாக அனுப்பினால் முழுதாகப் போகும். ஓசூரில் ஒன்று, திருப்பூரில் ஒன்று, இணையத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கட்டும். இந்த வேலையை மகனிடமே ஒப்படையுங்கள். அத்தை பேசும்போது பக்கத்தில் அவனையும் உட்கார வைத்தால், அதற்குப் பிறகு அவன் கழிக்கச் சொல்ல மாட்டான்.

எங்கே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புது வீட்டில் நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். புதிதாகக் கட்டிய சுவருக்குள் கட்டுமான ஈரம் மாதக்கணக்கில் இருக்கும். குடிபோன உடனே புத்தம்புதுச் சுவர் அலமாரியில் ஆல்பத்தை அடுக்கினால், ஐப்பசி மழையில் பூஞ்சை பூத்துவிடும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கழியும்வரை படங்களும் காகிதங்களும் ஓசூரில் உங்கள் பீரோவில் இருக்கட்டும், நடுத்தட்டில், சுவரை ஒட்டாமல். பரண் வேண்டாம், நம் சித்திரை வெயிலில் கூரைக்கடியில் அடுப்பு மாதிரி காயும். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் படத்தையும் கெடுக்கும். வேப்பிலையை நன்றாகக் காயவைத்துத் துணிப்பையில் கட்டி ஓரமாக வைக்கலாம், படத்தின்மேல் நேராக வைத்தால் கறை பிடிக்கும். மழை முடிந்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து ராமபாணப் பூச்சியோ கரையான் மண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். போகிக்கு யாரும் அந்தப் பெட்டியைத் தொடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, பித்தளைக்கு வருவோம். ஒவ்வொரு அண்டாவையும் குடத்தையும் கழுத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நம் ஆட்கள் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டு வரமாட்டார்கள். இனிஷியல், பெயர், சில சமயம் தேதி, யார் யாருக்குச் செய்த சீர் என்பதுவரை வெட்டியிருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்ததில் அந்த எழுத்து ஏற்கெனவே மழுங்கியிருக்கும். இன்னொருமுறை நீங்கள் பளபளக்கத் துலக்கினால் மிச்சமும் போய்விடும். எழுத்துமேல் கொஞ்சம் விபூதியைத் தூவி உள்ளங்கையால் துடையுங்கள். பள்ளத்தில் தங்கும் விபூதி எழுத்தைக் காட்டும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தும் படிக்கலாம். அல்லது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள், அந்தத் தாளே ஒரு பதிவு. பெயர் படித்து, படம் எடுத்து, அத்தையிடம் கேட்ட பிறகு சீயக்காய்த் தண்ணீரிலோ லேசான சோப்பிலோ கழுவி நன்றாகத் துடைத்துக் காயவைத்தால் போதும். புளியில் ஊறப்போட்டால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு நிறத் திட்டுகள் நிற்கும், அதைத் திருப்ப முடியாது.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது, அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெயர் வெட்டாத, யாருக்கும் நினைவில்லாத, ஓட்டை விழுந்த அண்டாவை எடைக்குப் போடுவதில் தப்பில்லை. பெயர் உள்ளதை மட்டும் போட வேண்டாம். எடைக்குப் போட்டால் உலோகத்துக்கு உண்டான காசுதான் கிடைக்கும், ஆயாவின் பெயருக்குத் தராசில் எடை இல்லை. நல்ல நிலையில் உள்ள பெரிய அண்டாவை ஊர்க் கோயிலில் கூழ் ஊற்றவோ அன்னதானத்துக்கோ கொடுக்கலாம், அது ஊரிலேயே புழங்கும். நீங்களே சமைக்க விரும்பினால் உள்ளே நல்ல வெள்ளீயம் பூசிய பிறகுதான். ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்காதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், உள்ளே ரசம் இருக்கும்வரைதான் அது தப்பிக்கும். பழைய சொம்பில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அதனால் என் யோசனை அதைச் சமையலிலிருந்து ஓய்வு கொடுத்து அலமாரியில் வைப்பதே.

களித் துடுப்புக்கு வார்னிஷ் அடிக்க வேண்டாம். ராகிக் களியைக் கிளறிக் கிளறி ஒரு பக்கம் தேய்ந்திருக்கும் அல்லவா, ஆயா எந்தக் கையால் பிடித்தார் என்பதுவரை அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. பக்கத்தில் மாவுபோல் தூள் கொட்டினால் உளுத்திருக்கிறது, மற்ற மரச் சாமான்களிலிருந்து பிரித்து வையுங்கள். திருகைக்கல்லுக்கு வெயிலும் மழையும் பெரிதில்லை. மேல்கல்லும் அடிக்கல்லும் பிரியாமல், பெயிண்ட் அடிக்காமல், புது வீட்டு வாசலில் போட்டுக்கொள்ளுங்கள்.

துவைக்கிற கல்லின் அடியில் வாளோடு உருவம் இருக்கிறது என்றால் அது நடுகல்லாக, அதாவது இறந்த வீரன் நினைவாக நட்ட கல்லாக இருக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகற்கள் ஏராளம். ஜேசிபி வருவதற்கு முன்பே வி.ஏ.ஓ.விடம் சொல்லி, தர்மபுரி அகழ்வைப்பகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ படத்தோடு தகவல் கொடுங்கள். மஞ்சள் பூசவோ எழுத்தைச் சுரண்டவோ வேண்டாம். அஸ்திவாரம் தோண்டும்போது காசோ பானையோ கிடைத்தாலும் மறைக்காமல் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 1878-இலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது.

பிரிப்பதைப் பற்றி: நகல் மூவருக்கும், அசல் ஒருவரிடம். ஆல்பத்தைக் கூறு போடாதீர்கள், ஆளுக்குப் பத்துப் படம் என்று பிரித்தால் அது ஆல்பமே இல்லை. பாத்திரங்களில் யாருக்கு எதோடு நினைவு இருக்கிறதோ அவருக்கு அது போகட்டும். ஒன்றையே இரண்டு பேர் கேட்டால் அத்தை முன்னால் சீட்டுக் குலுக்குங்கள். எது யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சந்தேகம் என்று அண்ணன் நினைத்தால், நம் பிள்ளைகள் காலத்தில் தேட வசதியாக இருக்கும் என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். கடிதங்களை மட்டும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் முன் நீங்களும் தங்கையும் முழுக்கப் படித்துவிடுங்கள். கடன், சண்டை, முறிந்துபோன சம்பந்தம் என்று இன்று உயிரோடு இருப்பவர்களைப் புண்படுத்தும் சேதி அவற்றில் இருக்கக்கூடும்.

வீடு இடிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே படங்களையும் காகிதங்களையும் காரில் ஓசூருக்குக் கொண்டுபோய்விடுங்கள், தட்டுமுட்டுச் சாமானோடு டிராக்டரில் ஏற்ற வேண்டாம். ஒட்டாத ஃபிரேம்களைக் கண்ணாடிக்குக் கண்ணாடி பார்த்தபடி, நடுவில் போர்வை வைத்து, நிமிர்த்தி அடுக்குங்கள். தாத்தாவின் படம் மட்டும் படுத்த வாக்கில் பின் சீட்டில் வரட்டும்.